பட்டாளம் விட்டு வந்தவருக்குப் பூமாலையும் காவல் தடியும்தானா?

சங்ககிரி மலைக்கோட்டையில் 1805-ம் வருஷம் ஜூலை மாதம் 31-ந் தேதி தீரன் சின்னமலையைக் கும்பினியார் தூக்கில் போட்டார்கள். அதன் ஞாபகமாக வருஷந்தோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டி அந்த ஊருக்குப் பெரிய மனிதர்கள் வருகின்றார்கள். மாலை போடுகின்றார்கள். வீரத்தைப் பற்றித் தொண்டை வற்றப் பேசுகின்றார்கள். பிறகு மோட்டார் ஏறிப் போய்விடுகின்றார்கள். அன்னியனை எதிர்த்துச் செத்த ஒருவனை ஜனங்கள் நினைத்துக் கொள்வதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. அவனை ஒரு ஜாதியின் சொத்தாக்கிக் கொள்ளப் பார்ப்பவர்களிடந்தான் நமக்குச் சண்டை. அது இருக்கட்டும்.

நாம் இன்று கேட்பது வேறு சங்கதி. செத்துப்போன வீரனுக்கு 200 வருஷம் கழித்து மாலை போடத் தெரிந்த ஜனங்களுக்கு, உயிரோடு ஊர் திரும்பிய வீரனுக்கு ஒரு யோக்கியமான வேலை கொடுக்க மட்டும் ஏன் தெரியவில்லை? சங்ககிரியிலிருந்து சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ திருச்செங்கோட்டுக்கோ போகின்றவர்கள் வழியில் ஒரு காரியம் செய்து பார்க்கட்டும். பாங்கியின் வாசலில், ஆஸ்பத்திரியின் வாசலில், மில்லின் வாசலில், காலேஜின் வாசலில் நிற்கின்ற காவற்காரரிடம் போய், "ஐயா, முன்னே என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்கட்டும். "மிலிட்டரியில் இருந்தேன்" என்று பதில் சொல்லுகின்றவர் அகப்படாமல் போகமாட்டார். அதோடு விடாமல், "மிலிட்டரியில் என்ன வேலை?" என்று இன்னொரு கேள்வியும் கேட்கட்டும். ஒருவர் வயர்லெஸ் என்பார். ஒருவர் ரேடார் என்பார். ஒருவர் டாங்கி என்ஜின் பழுது பார்த்தேன் என்பார். இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் அவர் வாசலில் நிற்கின்றார் என்பதே நமது அபிப்பிராயம்.

நமது தேசத்தில் வருஷம் ஒன்றுக்குச் சுமார் 60,000 பேர் முப்படைகளிலிருந்து விலகி வருகின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் 35 வயதுக்கும் 45 வயதுக்கும் உட்பட்டவர்கள். வக்கீலாக இருந்தால் அப்போதுதான் பேர் எடுக்கத் தொடங்குகின்ற வயது. வியாபாரியாக இருந்தால் இரண்டாவது கடை திறக்கின்ற வயது. மிலிட்டரிக்காரருக்கு மட்டும் அது பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்காருகின்ற வயதாம். பிள்ளைகள் அப்போதுதான் ஹைஸ்கூல் படிக்கின்றார்கள், பெண்ணின் காலேஜுச் செலவு இனிமேல்தான் வரப்போகின்றது, வீட்டுக் கடன் பாதி நிற்கின்றது. வாங்கிய சம்பளத்தில் பாதிதான் பென்ஷன். இந்தக் கணக்குத் தெரியாதவர்களா நம் ஜனங்கள்? தெரிந்தும் "உனக்கென்னப்பா, பென்ஷன் வருகின்றதே" என்று சொல்லுவது, பசித்தவனைப் பார்த்து "நேற்றுத்தான் சாப்பிட்டாயே" என்று சொல்லுவது போன்றதல்லவா?

இவர்கள் ஒன்றும் தெரியாதவர்களாகத் திரும்பி வருகின்றார்களா என்றால், அதுவும் இல்லை. துப்பாக்கி சுடுவது மட்டும்தான் பட்டாளத்து வேலை என்று நினைப்பது சினிமா பார்த்து வந்த புத்தி. ஒரு படை நகர வேண்டுமென்றால் பாலம் போட வேண்டும், மின்சாரம் இழுக்க வேண்டும், செய்தி போக வேண்டும், லாரி ஓட வேண்டும், ஆகாய விமானத்தின் ஒவ்வொரு திருகாணியும் எண்ணப்பட வேண்டும். இதற்கென்றே சர்க்கார் நம் வரிப்பணத்தில் பெரும் பெரும் பள்ளிக்கூடங்களை வைத்து நடத்துகின்றது. ஜபல்பூரில் செய்தித் தொடர்புப் பயிற்சி, செகந்திராபாத்தில் மின்சார எந்திரப் பயிற்சி, லோனாவாலாவில் கப்பல் என்ஜின் பயிற்சி, ஜாம்நகரில் கப்பல் மின்சாரப் பயிற்சி, நம் தாம்பரத்திலேயே விமானப்படை மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி. பெங்களூரில் இருக்கின்ற மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை 1780-ல் தொடங்கியது. அதன் சிப்பாய்க்குப் பட்டாளமெங்கும் "தம்பி" என்றே பெயர். பாலம் கட்டுவதிலும் கண்ணிவெடி எடுப்பதிலும் பேர் வாங்கிய படை அது. அந்தத் தம்பி ஊர் திரும்பினால் நாம் அவனிடம் கொடுப்பது என்ன? ஒரு விசிலும் ஒரு தடியும் ஒரு நோட்டுப் புத்தகமும். வருகின்ற வண்டியின் நம்பரை அதில் எழுத வேண்டுமாம்!

காவல் வேலை இழிவு என்று நாம் சொல்லவில்லை. எந்த வேலையும் இழிவல்ல. ஒருவனுக்குத் தெரிந்த வித்தையைக் குப்பையில் போட்டுவிட்டு, அவன் உடம்பை மட்டும் வாடகைக்கு எடுப்பதைத்தான் இழிவென்கின்றோம். அதுவும் வரி கொடுத்துப் பயிற்சி கொடுத்தவர்களே, அந்தப் பயிற்சியின் பயனை வாங்கிக் கொள்ளாமல் விடுவது மகா முட்டாள்தனம் என்கின்றோம்.

"சர்க்கார்தான் ஒதுக்கீடு வைத்திருக்கின்றதே" என்று சிலர் சொல்லுவார்கள். வைத்திருக்கின்றது, வாஸ்தவம். 1979-ம் வருஷத்து விதிகளின்படி மத்திய சர்க்காரின் மூன்றாம் வகுப்பு உத்தியோகத்தில் நூற்றுக்கு 10, நாலாம் வகுப்பில் நூற்றுக்கு 20 முன்னாள் படைவீரருக்கு என்று எழுதி வைத்திருக்கின்றார்கள். எழுதியது எழுதியபடி நடந்ததா? படைவீரர் மறுவாழ்வு இயக்ககத்தின் 2021 ஜூன் 30-ந் தேதிக் கணக்கைப் பார்ப்போம். கணக்குக் கொடுத்த மத்திய சர்க்கார் இலாக்காக்கள் 77-ல் 34 மட்டுமே. அவைகளில் மூன்றாம் வகுப்பில் வேலை செய்தவர்கள் 10,84,705 பேர். அதில் முன்னாள் படைவீரர் 13,976 பேர். அதாவது நூற்றுக்கு 1.29. நாலாம் வகுப்பில் 3,25,265 பேருக்கு 8,642 பேர். நூற்றுக்கு 2.66. ஒதுக்கீடு என்பது புதிதாக ஆள் எடுக்கும் இடங்களுக்குத்தான், மொத்தத் தொகைக்கு அல்ல என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். சொல்லட்டும். 1979 முதல் 2021 வரை 42 வருஷ காலம் எடுத்த ஆட்களில் பத்தில் ஒன்று உண்மையாகவே கொடுக்கப்பட்டிருந்தால், கணக்கு 1.29-ல் வந்து எப்படி நிற்கும்? எஞ்சிய 43 இலாக்காக்கள் கணக்கே கொடுக்கவில்லையே, அதற்கு என்ன சமாதானம்?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பத்தாவது படித்துவிட்டுப் பட்டாளத்தில் 15 வருஷம் இருந்தவரை, பி.ஏ. படித்தவருக்குச் சமமாக வைத்து மூன்றாம் வகுப்பின் ஒதுக்கீட்டு இடங்களுக்கு எடுத்துக் கொள்ளலாம் என்று மத்திய சர்க்காரில் ஒரு விதி இருக்கின்றது. நல்ல விதிதான். ஆனால் அந்த விதியின் வாலைப் பாருங்கள். தொழில்நுட்ப அனுபவம் அவசியமில்லாத வேலைகளுக்குத்தான் அந்தச் சமத்துவமாம்! அதாவது, 15 வருஷம் ரேடார் பார்த்தவர் குமாஸ்தா வேலைக்கு பி.ஏ.வுக்குச் சமம். எந்திரம் பார்க்கின்ற வேலைக்கு மட்டும் அந்தச் சமத்துவம் அவருக்குக் கிடையாது. நீந்தத் தெரிந்தவனுக்கு மேட்டிலே இடம் கொடுத்துவிட்டு, ஆற்றிலே இறங்கச் சான்றிதழ் கேட்கின்ற நியாயம் இது.

இப்படியெல்லாம் ஏன் நடக்கின்றது? யாரோ ஓர் அதிகாரியின் கெட்ட எண்ணம் என்று நாம் சொல்ல வரவில்லை. இதன் வேர் மிகவும் ஆழமாக இருக்கின்றது. தலையில் பிறந்தவன் யோசிக்க வேண்டும், தோளில் பிறந்தவன் சண்டை போட வேண்டும், காலில் பிறந்தவன் உழைக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சொல்லி வைத்தார்களே, அந்த வருணாசிரமப் புரட்டுத்தான் இதன் வேர். மூளை ஒருவனுக்கு, உடம்பு இன்னொருவனுக்கு என்று பிரித்து வைத்த புத்தி நம்மை விட்டு இன்னும் போகவில்லை. கையால் வேலை செய்கின்றவனுக்கு மூளை இருக்காது என்றும், உத்தரவுக்குக் கீழ்ப்படிகின்றவனுக்குச் சுயபுத்தி இருக்காது என்றும் நம்புகின்ற ஜனங்கள், கம்ப்யூட்டர் முன் உட்காரும் நாற்காலியைப் பட்டாளத்துக்காரருக்கு எப்படிக் கொடுப்பார்கள்?

வெள்ளைக்காரனும் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக் கொண்டான். சில ஜாதிகள்தான் சண்டைக்குப் பிறந்தவை, மற்றவைகளுக்கு வீரம் கிடையாது என்று ஒரு சாஸ்திரம் எழுதினான். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் என்பவர், தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று கருதியவர். அந்தக் காலத்தில் தென்னாட்டுப் பட்டாளங்கள் குறைக்கப்பட்டன. 1890-களின் தொடக்கத்தில் மகர் வகுப்பாரைப் படையில் சேர்ப்பதே நிறுத்தப்பட்டது. பிறப்பைப் பார்த்து வீரத்தை அளந்தவன் அன்னியன். பிறப்பைப் பார்த்து அறிவை அளந்தவர்கள் நம்மவர்கள். இந்த இரண்டு முழக்கோலுக்கும் வித்தியாசம் என்ன?

அந்த மகர் வகுப்பிலிருந்து படையில் சேர்ந்து சுபேதார் பதவி வரை போனவர் ராம்ஜி சக்பால். பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராகவும் இருந்தவர். வெளியே ஊர்ப் பள்ளிக்கூடத்தின் திண்ணையில்கூட உட்காரவிடாத காலத்தில், படைவீட்டுக்குள்ளே எழுத்தும் கணக்கும் கிடைத்தன. அந்த எழுத்தை அவர் தம் வீட்டுக்குக் கொண்டு வந்தார். 1891-ல் மாவ் என்னும் படைவீட்டு ஊரில் அவருக்குப் பிறந்த பிள்ளைதான் டாக்டர் அம்பேத்கர். பட்டாளத்தில் கற்ற வித்தை வெளி உலகத்துக்கு வந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

சர்க்காருக்கு இந்த விஷயம் தெரியாததும் அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் சுமார் 25 லட்சம் பேர் இந்தியப் படையில் இருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் இத்தனை பேரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அதற்காக 1945-ம் வருஷம் ஜூலை மாதம் மறுவாழ்வு, வேலைவாய்ப்பு இயக்ககம் ஒன்றை ஏற்படுத்தி, ஊர் ஊராக வேலைவாய்ப்பு ஆபீசுகளைத் திறந்தார்கள், தொழிற்பயிற்சி கொடுத்தார்கள். 1948 முதல் அந்த ஆபீசுகள் எல்லா ஜனங்களுக்கும் திறந்துவிடப்பட்டன. இன்று நம் பிள்ளைகள் படிக்கின்ற ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டமும் அந்த இயக்ககத்தின் வழியில் 1950-ல் வந்ததுதான். அதாவது, பட்டாளம் விட்டு வந்தவருக்காகப் போட்ட பாதையில்தான் ஊரார் பிள்ளைகள் எல்லாம் நடந்து வேலைக்குப் போனார்கள். பாதை யாருக்காகப் போடப்பட்டதோ அவரே இன்று பாதை ஓரத்தில் வண்டி நம்பர் எழுதிக் கொண்டிருக்கின்றார்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1944 ஜூன் 22-ந் தேதி யுத்தம் முடியும் முன்பே அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். திரும்பி வருகின்ற சிப்பாய்க்குக் காலேஜுச் சம்பளம், தொழிற்பயிற்சி, வீட்டுக்கும் தொழிலுக்கும் கடன் உத்தரவாதம் எல்லாம் அதில் அடக்கம். 1956-க்குள் சுமார் 78 லட்சம் பேர் அந்தச் சட்டத்தால் படிப்போ பயிற்சியோ பெற்றார்கள். அவர்களில் சுமார் 22 லட்சம் பேர் காலேஜுக்குப் போனவர்கள். நேற்றுவரை துப்பாக்கி பிடித்தவர்கள் என்ஜினியர்களானார்கள், உபாத்தியாயர்களானார்கள், டாக்டர்களானார்கள். பிச்சை போட்டதாக யாரும் நினைக்கவில்லை. போட்ட முதல் பலமடங்காகத் திரும்பி வந்தது.

ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு விஷம் கலந்தது. பணம் சர்க்காருடையது, பங்கு போடுவது உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் என்று விட்டார்கள். விளைவு என்ன? 1947-ல் மிசிசிப்பி மாகாணத்தின் 13 நகரங்களில் கொடுத்த 3,229 கடன்களில் நீக்ரோ சிப்பாய்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு! சட்டத்தில் நிறபேதம் ஒரு வார்த்தைகூட இல்லை. சட்டத்தை நடத்தியவன் மனதில் இருந்தது. ஆகவே திட்டம் போட்டால் மட்டும் போதாது. அதை யார் கையில் கொடுக்கின்றோம், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று வருஷா வருஷம் கணக்குக் கேட்க வேண்டும் என்பதும் இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

அதே தேசத்தில் 2017-ல் ஒரு சட்டம் செய்து, 2019 முதல் 2024 வரை, கம்ப்யூட்டர் தொழிலுக்கென்றே முன்னாள் படைவீரருக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பரீட்சார்த்தத் திட்டம் நடத்தினார்கள். அதில் ஒரு நல்ல நிபந்தனை இருந்தது. பயிற்சிப் பள்ளிக்குச் சேரும்போது கால் பங்குப் பணம், முடித்தபோது கால் பங்கு, மீதிப் பாதி படித்தவருக்கு அந்தத் தொழிலிலேயே வேலை கிடைத்த பிறகுதான். நம் ஊரில் "மூன்று மாதத்தில் வேலை உத்தரவாதம்" என்று போர்டு மாட்டி, முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு, ஒரு வர்ணக் காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்புகின்ற வியாபாரிகளுக்கு இந்த நிபந்தனை ஒன்று போதும். பாதிப்பேர் மறுநாளே போர்டைக் கழற்றி விடுவார்கள்.

நிற்க, இனி நம்மிடம் சொல்லப்படுகின்ற ஆட்சேபணைகளைப் பார்ப்போம்.

"நாற்பது வயதில் கம்ப்யூட்டர் கற்க முடியுமா?" என்கின்றார்கள். பனிமலையில் 15,000 அடி உயரத்தில், விரல் விறைக்கின்ற குளிரில், ரிப்பேர் புஸ்தகத்தைப் பார்த்துப் பார்த்து வயர்லெஸ்ஸைச் சரி செய்யக் கற்றவனுக்கு, சேலத்தில் விசிறிக்கடியில் உட்கார்ந்து கற்க முடியாதா? நாற்பது வயதில் செல்போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொண்ட காய்கறிக்காரியைவிட அவன் எந்த விதத்தில் குறைந்தவன்?

"அவர்கள் உத்தரவு கொடுத்தால்தான் செய்வார்கள், சுயமாக யோசிக்க மாட்டார்கள்" என்கின்றார்கள். நடுக்காட்டில் வண்டி நின்றுவிட்டால் யாருடைய உத்தரவை எதிர்பார்ப்பது? இருக்கின்ற சாமானை வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிப்பது யோசனை இல்லையா?

"நம் வகுப்புப் பிள்ளைகளின் உத்தியோகத்தை இவர்கள் பறித்துக் கொள்வார்களே" என்று நமது தோழர்களிலேயே சிலர் பயப்படுகின்றார்கள். இந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடையாது. வகுப்புவாரி உரிமை என்பது நமக்கு உயிர். அதில் ஒரு நெல்லளவு குறைந்தாலும் நாம் சும்மா இருக்க மாட்டோம். ஆனால் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு வகுப்புவாரி இடங்களுக்கு வெளியே தனியாக வெட்டி எடுப்பதல்ல. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் குறுக்காகப் போவது. பிற்படுத்தப்பட்ட வகுப்புப் படைவீரர் அந்த வகுப்புக் கணக்கிலும், தாழ்த்தப்பட்ட வகுப்புப் படைவீரர் தம் வகுப்புக் கணக்கிலும்தான் சேருவார். நேர் ஒதுக்கீடு, குறுக்கு ஒதுக்கீடு என்ற இந்த வித்தியாசத்தை 1992-ல் மண்டல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கமாகவே சொல்லியிருக்கின்றது. அன்றியும், சிப்பாயாகப் போகின்றவன் யார் வீட்டுப் பிள்ளை? மிராசுதார் வீட்டுப் பிள்ளையா? குடியானவன் வீட்டு, நெசவாளி வீட்டு, கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைதானே?

இந்த விஷயத்தில் அவசரப்பட வேண்டிய காரணம் ஒன்றும் இருக்கின்றது. 2022 ஜூன் 14-ந் தேதி அக்னிபத் என்னும் திட்டத்தை மத்திய சர்க்கார் அறிவித்தது. அதன்படி சிப்பாய் வேலை நான்கே வருஷம். நான்கு பேரில் ஒருவருக்குத்தான் மேற்கொண்டு படையில் இடம். மற்ற மூவரும் சுமார் 11.71 லட்சம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியது. பென்ஷன் கிடையாது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்தவர்களுக்கு 2026 இறுதியும் 2027 தொடக்கமும் கெடு. பழைய மிலிட்டரிக்காரராவது பென்ஷனோடு வாசலில் நின்றார். 22 வயதிலும் 25 வயதிலும் திரும்பி வருகின்ற இந்தப் பிள்ளைகள் எதை வைத்துக்கொண்டு நிற்பார்கள்? துணைப் பட்டாளங்களில் நூற்றுக்குப் பத்து இடம் என்று 2022-லேயே சொன்னார்கள். மறுபடியும் துப்பாக்கிதானா? நான்கு வருஷத்தில் அந்தப் பிள்ளைக்கு ஊரில் செல்லுபடியாகின்ற ஒரு தொழிலைக் கற்றுக் கொடுத்து, அதற்கு ஊரில் செல்லுபடியாகின்ற ஒரு சான்றிதழையும் கொடுத்து அனுப்பாவிட்டால், அது திட்டமல்ல, மோசடி என்றே சொல்லுவோம்.

பட்டாளத்துக்காரரைப் பற்றிச் சொன்னதெல்லாம் தீயணைக்கின்றவருக்கும், 108 வண்டியில் உயிர் காக்கின்றவருக்கும் பொருந்தும். நம் நாட்டில் 108 வண்டி 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அதில் இருக்கின்ற பையனோ பெண்ணோ ஓடுகின்ற வண்டிக்குள் இருதயத் துடிப்பைக் காட்டும் கருவியைப் பார்த்து, ஆக்ஸிஜனை அளந்து கொடுக்கின்றார்கள். அவர்களில் ஒருவருக்கு இடுப்பு ஒடிந்தால், ராத்திரி வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், அடுத்த வேலை என்ன? ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிக்கின்ற தொழிலுக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? நெருப்பின் குணம் தெரிந்த தீயணைப்புக்காரரை, புகை கண்டு மணியடிக்கின்ற கருவியைப் பொருத்தவும் சோதிக்கவும் பழக்கினால், மில்லுக்கும் கிடங்குக்கும் எவ்வளவு லாபம்? நாம் என்ன செய்கின்றோம்? விபத்தன்று "தெய்வம் போல வந்தீர்கள்" என்று கும்பிடுகின்றோம். மனிதனைத் தெய்வமாக்கி விட்டால் அவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லையல்லவா? அதில் இருக்கின்ற சௌகரியம் இதுதான்.

சங்ககிரிக்கே வருவோம். லாரியால் பிழைக்கின்ற சீமை இது. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்றால் தேசமெங்கும் லாரிக்காரருக்குத் தெரியும். 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் விற்கின்ற லாரிகளில் பி.எஸ். 6 என்ஜின் கட்டாயமாயிற்று. இனி லாரி என்பது வெறும் இரும்பல்ல, நாலு சக்கரமும் ஆறு சக்கரமும் பூட்டிய கம்ப்யூட்டர். புகைக்குழாயில் இருக்கின்ற சென்சார் ஒன்று கெட்டால், என்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக் கொள்கின்றது. சரக்கோடு வண்டி நாக்பூர் ரோட்டில் ஊர்கின்றது. ஸ்பேனரால் தட்டினால் சரியாகாது. ஸ்கேனரை மாட்டி, அது காட்டுகின்ற குறியைப் படித்து, ஒயரைத் தொடர்ந்து போய்க் கோளாற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இதே வேலையைத்தான் படையின் மின்சார எந்திரப் பிரிவில் இருந்தவர் 17 வருஷம் செய்துவிட்டு வந்திருக்கின்றார். அவரை லாரி ஷெட்டின் வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே ஸ்கேனர் படிக்க ஆளில்லை என்று முதலாளி முறையிடுகின்றார்! புது லாரிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கின்றார், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகின்றார், ஆயுத பூஜைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கின்றார். எலுமிச்சம்பழம் சென்சாரைச் சரிபண்ணுமா? ஆயுதத்துக்குப் பூஜை போடுகின்ற செலவில் பாதியை ஆயுதம் தெரிந்த மனிதனுக்குச் சம்பளமாகக் கொடுத்தால் ஓடாத லாரியும் ஓடுமே!

அன்றியும், 2018-ல் அறிவிக்கப்பட்டு 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து ஊர்களில் சேலமும் ஒன்று. படைக்குச் சாமான் செய்கின்ற தொழிற்சாலைக்கு, அந்தச் சாமானைக் கையாண்டு தேய்ந்தவனைவிட நல்ல பரீட்சகன் யார்? 2024 செப்டம்பரில் சேலத்தில் டைடல் நியோ பூங்காவும் திறந்தாயிற்று. கட்டிடம் எழும்பியது சந்தோஷம். அதன் வாசலில் மட்டும் மிலிட்டரிக்காரர் நிற்க, உள்ளே நாற்காலியில் ஒருவர்கூட இல்லையென்றால், அந்தக் கட்டிடம் யாருக்கு?

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024 ஆகஸ்டு 15-ந் தேதி "முதல்வரின் காக்கும் கரங்கள்" என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடன், அதில் நூற்றுக்கு 30 மானியம், வட்டியிலும் நூற்றுக்கு 3 சலுகை. நல்ல காரியம், வரவேற்கின்றோம். ஆனால் எல்லாரும் முதலாளியாக முடியாது, ஆக விரும்பவும் மாட்டார்கள். கடன் வாங்கத் துணிச்சல் இல்லாதவருக்குத் தொழில் வாங்கிக் கொடுக்கின்ற திட்டமும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். படையை விட்டு வெளியே வருகின்ற அன்றே, அவர் கற்ற தொழிலுக்கு ஊர்த் தொழிற்சாலைக்குப் புரிகின்ற மொழியில் ஒரு சான்றிதழ் கொடுக்கப்பட வேண்டும். "ஹவில்தார், நன்னடத்தை" என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த முதலாளியும் வேலை கொடுக்க மாட்டான். தொழில்நுட்ப வேலைக்கும் பட்டாளத்து அனுபவம் படிப்புக்குச் சமமாக எண்ணப்பட வேண்டும். ஒதுக்கீட்டில் எத்தனை இடம், எத்தனை நிரம்பியது, எந்த வகுப்பார், எத்தனை பெண்கள் என்று இலாக்கா இலாக்காவாக வருஷந்தோறும் அச்சிட வேண்டும். கணக்குக் கொடுக்காத இலாக்காவின் பேரையும் அச்சிட வேண்டும். சங்ககிரி போன்ற தாலுகா ஊர்களில் சாயங்கால வகுப்பு நடத்தி, படிக்கின்ற காலத்துக்குக் குடும்பச் செலவுக்குப் பணமும் கொடுக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிக்குப் பாதிப் பணம், வேலை கிடைத்த பிறகே கொடுக்க வேண்டும். யுத்தத்தில் புருஷனை இழந்த பெண்களுக்கு இந்த வகுப்புகளில் முதல் இடம் வேண்டும். தையல் மிஷினைக் கொடுத்து அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்ற பழைய புத்தி ஒழிய வேண்டும். அவர்களுக்கும் மூளை இருக்கின்றது.

பட்டாளம் விட்டு வந்த தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பழைய பதவியின் பெயரை வீட்டு வாசலில் எழுதி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அதைச் சோறாக்க முடியாது. உங்களைவிடப் பத்து வயது சின்னவனிடம் பாடம் கேட்க வெட்கப்படாதீர்கள். வாங்கிய தொகையைத் திருவிழாவிலும் விருந்திலும் கரைக்காதீர்கள். படையில் ஒரே தட்டில் சாப்பிட்ட நீங்கள், ஊருக்கு வந்ததும் ஜாதிச் சங்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். தனித்தனியாகப் போய்க் கைகட்டி நிற்பவனுக்குத் தடி கிடைக்கும். ஒன்றாகச் சேர்ந்து, "எனக்கு இன்ன தொழில் தெரியும், அதற்கான வேலை கொடு, அதற்கான கூலி கொடு" என்று கேட்கின்றவனுக்குத்தான் தொழில் கிடைக்கும்.

ஊர்ப் பொது ஜனங்களுக்கு நாம் சொல்லுவது அதைவிடச் சுருக்கம். அடுத்த தடவை ஒரு மிலிட்டரிக்காரரைப் பார்த்தால் சல்யூட் அடிக்க வேண்டாம். "உங்களுக்கு என்ன தொழில் தெரியும்?" என்று கேளுங்கள். கேட்டு, வேலை கொடுக்கக் கூடியவரிடம் போய்ச் சொல்லுங்கள். மரியாதை என்பது அதுதான். மற்றதெல்லாம் பூவுக்குப் பிடித்த கேடு.